உயிர்ச்சேதம் ஏதுமில்லை

அந்த வாக்கியம் புத்தகத்தின் ஆறாவது கட்டுரையில் இருந்தது. "இத்தாக்குதலில் உயிர்ச்சேதம் ஏதுமில்லை." ஆங்கிலத்திலிருந்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். பத்து நொடிகூட ஆகியிருக்காது. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இப்போது நினைத்தாலும் என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் பதினேழு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். அங்கிருந்து வெளியே வந்த பிறகு வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறேன். கீழே என் கணவரின் மொத்த வியாபாரக் கடை. வத்தல், மல்லி, துவரை மூட்டைகள். மாடியில் என் அறை. லோடு இறங்கும் நாட்களில் வத்தல் நெடி மாடிக்கு ஏறிவரும். தும்மிக்கொண்டே வேலை பார்த்துப் பழகிவிட்டது.

அந்தப் புத்தகம், இன்றைய போர்களைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. படையை அனுப்பாமல் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு ஆளில்லா விமானத்தை வைத்துச் சண்டை போடுவது. தன் ஆட்களுக்குப் பதில் வேறு யாரையாவது முன்னால் நிறுத்துவது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு நான் 'தொலைநிலைப் போர்' என்று தமிழ் வைத்தேன். வைத்தபோது பெருமையாகவே இருந்தது.

புத்தகம் முழுக்க வாதம். இந்தக் கருவிகள் குறிபார்த்து அடிப்பதால் பொதுமக்கள் சாவது குறைகிறது என்கிறார் ஒருவர். தன் பக்கம் யாரும் சாகாத நாடு யோசிக்காமல் போர் தொடங்கும், சவப்பெட்டி ஊருக்கு வராத வரைக்கும் எந்த மக்களும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்கிறார் இன்னொருவர். பொத்தானை அழுத்துகிறவனுக்கு வரும் மனநோயைப் பற்றி ஒரு கட்டுரை. 'தொலை' என்ற சொல்லே பொருந்துமா என்று முப்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை. படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்கும். ரசித்துத்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது கட்டுரைக்காரர் ஒரு பாலைவனத்துப் படை முகாமைப் பற்றி எழுதியிருந்தார். எந்த நாடு என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆயுதக் குழு ஒன்று சின்ன ஆளில்லா விமானங்களை அனுப்பி அந்த முகாமை ஒரு நாள் பகலில் தாக்கியது. எச்சரிக்கைச் சங்கும் பதுங்கறைகளும் அவ்வளவு நன்றாக வேலை செய்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பு இப்படி வளர்ந்துவிட்டால் ஒரு தரப்பு சாவே இல்லாமல் போர் நடத்தலாம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி முழுவதும் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

முகாமின் அன்றாடத்தைச் சொல்லும் இடங்களில் எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தை அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? பதுங்கறையை என்ன சொல்வார்கள்? அகராதிச் சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை. கடையில் லோடு இறக்குகிறவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"நம்ம ரெட்டியபட்டில ஒரு சமையல் மாஸ்டர் இருக்காரு, டீச்சர். வெளிநாட்டு மிலிட்டரி கேம்ப்ல சமைச்சவரு. குண்டு விழுந்து ஒரு காது போச்சு. இப்ப கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறாரு" என்றார் அவர்.

மறுநாளே எம்.ரெட்டியபட்டிக்கு பஸ் ஏறினேன். மாஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும். காதுகுத்து வீடு ஒன்றின் பின்பக்கத்தில் பந்தலுக்குக் கீழே சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். வலது காதை என் பக்கம் திருப்பி நின்றுகொண்டுதான் பேசினார். ஓட்டல் வேலை என்று சொல்லி ஏஜென்ட் அழைத்துப் போனதாகவும், போய் நாற்பது நாள் கழித்து இன்னொரு விமானத்தில் ஏற்றி வேறு நாட்டில் இறக்கியதாகவும் சொன்னார். இறங்கின இடத்தில் ஓட்டலும் இல்லை, ஊரும் இல்லை. முள்வேலி, கூடாரம், மணல்.

சாப்பாட்டுக் கூடம் 'மெஸ்ஸு'. பதுங்கறை 'பங்கரு'. எச்சரிக்கை ஒலி 'சங்கு'. நான் குறித்துக்கொண்டேன்.

"சங்கு ஊதுனா எல்லாரும் பங்கருக்குப் போயிருவீங்களா, தம்பி?" என்று கேட்டேன்.

அவர் கரண்டியை நிறுத்தினார். "பட்டாளத்துக்காரவுக போயிருவாக. அவுக பங்கரு கான்கிரீட்டு, மெஸ்ஸு வாசல்லயே இருக்கும். எங்களுக்கு ரூலு வேற டீச்சர். கேஸை அணைச்சிட்டுத்தான் வெளிய வரணும். அணைக்காம வந்தா மறுநாள் வேலை கெடையாது. எங்களுக்குன்னு மண்மூட்டை அடுக்கி ஒரு எடம் உண்டு. அது சலவை ஷெட்டுக்கு அங்கிட்டு. ஓடுனா ரெண்டு நிமிசம் ஆகும்."

ஆளில்லாப் போரைப் பற்றிய புத்தகம் என்று சொல்லி, பையிலிருந்த தாள்களை எடுத்தேன். கட்டுரையில் முகாமைப் பற்றி இருந்த வர்ணனையை வாசித்துக் காட்டினேன். மேற்கே ஒற்றைக் குன்று. இரட்டைத் தண்ணீர்த் தொட்டி. ஓடுபாதைக்குப் பக்கத்தில் நீளமான தகரக் கூரைகள்.

"எங்க கேம்ப்புதான்" என்றார். முகம் மாறிவிட்டது. அண்டாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்க மாஸ்டரு ஒருத்தரு இருந்தாக. திருச்சுழிப் பக்கம். நான் அவுகளுக்குக் கீழதான் வேலை பாத்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். சோறு வெந்துக்கிட்டு இருக்கு. சங்கு ஊதுச்சு. ஆளுக்கு ஒரு பக்கமா அடுப்பை அணைச்சிட்டு வாசலுக்கு வந்துட்டோம். 'பின்னாடி அடுப்பு எரியுதுடா'ன்னாக. 'விடுங்கண்ணே, வாங்க'ன்னேன். 'நீ போ, வாரேன்'னுட்டு உள்ள போனாக. அம்புட்டுத்தான். எனக்கு இந்தக் காது போச்சு. அவுக போயிட்டாக."

பிறகு, செய்யக்கூடாத காரியமோ என்ற பயத்தோடுதான், அந்த வாக்கியத்தை வாசித்தேன். சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"ஏதுமில்லைன்னா எழுதிருக்கு?"

"ஆமா தம்பி."

"யாரு எழுதுனது?"

"ஒரு பேராசிரியர்."

"அவரு அங்க வந்தாரா?"

"வரலை."

"அப்ப அவருக்கு யாரு சொன்னா?"

பிறகு வீட்டுக்கு வந்து அடிக்குறிப்பைப் பார்த்தேன். அந்தப் படை வெளியிட்ட பத்திரிகைச் செய்தி. அதைத் தவிர வேறு ஆதாரமே இல்லை.

மாஸ்டர் எழுந்துகொண்டார். "ஆளில்லாத போருங்கிறீக. ஆளில்லாமத்தான் நான் தெனம் அறுநூறு பேருக்குச் சோறு ஆக்குனேனா?" என்று என்னிடமே கோபப்பட்டார். அதைக் கேட்கவேண்டியவர்கள் பக்கத்தில் இல்லாததால் நான் வாங்கிக்கொண்டேன்.

செத்துப்போனவருடைய மனைவியைப் பார்க்க அவர்தான் என்னை அழைத்துப் போனார். திருச்சுழியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம். மழையை நம்பிப் பருத்தியும் குதிரைவாலியும் போடுகிற குடும்பம். அந்த அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. எங்களை உட்காரவைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். இறப்புச் சான்றிதழ், இரண்டு மொழியில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்தேன். இறப்புக்குக் காரணம்: மாரடைப்பு.

"பெட்டியத் தொறக்கவே கூடாதுன்னு ஏஜென்ட்டு போன் போட்டுப் போன் போட்டுச் சொன்னான்" என்றார் அந்த அம்மா. "எங்க கொழுந்தனாரு கேக்கல. தொறந்துட்டாக. நானும் பாத்தேன். மாரடைப்புல முதுகு பூராம் கருகுமா, டீச்சர்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வந்து சொன்னேன்ல மதினி" என்றார் மெதுவாக.

"நீங்க சொன்னீக. காயிதம் வேற சொல்லுதே. ஊரு காயிதத்தைத்தான நம்புது." அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி இருந்ததை மறைச்சுக் கல்யாணம் பண்ணிட்டாகன்னு எங்க அப்பா காதுபடவே பேசுனாக. புள்ளைக்கும் அது வரும்னாக. பதிமூணு வயசுப் புள்ளைய அருப்புக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி நெஞ்சுல வயரை ஒட்டிப் படம் எடுத்துப் பாத்தோம். டாக்டரு ஒண்ணுமில்லைன்னுட்டாக. அவ மட்டும் அன்னையிலருந்து ஓட்டப்பந்தயத்துக்குப் போறதில்ல. பயம்."

ஒரு பொய் எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு முகாமில் எவனோ ஒருவன் ஒரு படிவத்தில் எழுதிய சொல், ஒரு பேராசிரியரின் கட்டுரையில் 'ஏதுமில்லை' ஆகிறது. இங்கே ஒரு சிறுமி ஓடுவதை நிறுத்துகிறாள். இதற்கெல்லாம் தமிழ்ச்சொல் தேடி நான் பஸ் ஏறி அலைந்துகொண்டிருந்தேன்.

அன்று மாலையே பேராசிரியருக்கு எழுதினேன். நடந்ததை முழுவதும் சொல்லி, சான்றிதழின் நகலை இணைத்து, அந்த வாக்கியம் தவறு, மாற்ற வேண்டும் என்று கேட்டேன். மூன்று நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். தகவலுக்கு நன்றி. இத்துறையில் 'உயிர்ச்சேதம்' என்பது பொதுவாகப் படையினரைக் குறிக்கும். ஒப்பந்தத் தொழிலாளர் தனி வகை. மேலும் நீங்கள் அனுப்பிய சான்றிதழே இயற்கை மரணம் என்றுதான் சொல்கிறது. இருந்தாலும் இது முக்கியமான குரல். புத்தகத்தை ஒட்டி இணையவழிக் கருத்தரங்கு ஒன்று நடக்கிறது. அவர்கள் இருவரும் ஐந்து நிமிடம் பேசலாமே?

'தனி வகை' என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மூட்டைகளைத் தரம் பிரிக்கும் கடைக்கு மேலேதான் நான் குடியிருக்கிறேன். செத்தவர்களைத் தரம் பிரித்து அதுவரை பார்த்ததில்லை.

கருத்தரங்கு நம் நேரத்துக்குப் பிற்பகல் மூன்றரைக்கு. இருவரும் ஒரு மணிக்கே என் அறைக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தார். மாஸ்டர் வெள்ளைச் சட்டை. கணினிக்கு முன்னால் வலது காது வருகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சத்தம் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். மூவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதல் பேச்சாளர் தூரத்தை எப்படி அளப்பது என்று நாற்பது நிமிடம் பேசினார். கிலோமீட்டரிலா, மனதாலா, பொறுப்பாலா?

"என்ன சொல்றாக?" என்று அந்த அம்மா என் காதில் கேட்டார்.

"தூரத்துல இருந்து சண்டை போடுறதைத் தூரம்னு சொல்லலாமா கூடாதான்னு பேசுறாங்க."

"யாருக்குத் தூரம்?"

அதே கேள்வியைத்தான் பேச்சாளர் அரை மணி நேரமாகப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டாமவர் ஆளில்லா விமானத்தை இயக்குகிறவர்களைப் பற்றிப் பேசினார். எங்கோ ஒரு பெட்டி அறையில் உட்கார்ந்து திரையில் ஒருவனைப் பல நாள் பார்த்து, கடைசியில் கொன்றுவிட்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடுகிறான். அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. நான் மெதுவாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன்.

"பாவம்" என்றார் அந்த அம்மா. "அவனுக்கும் புள்ளைக இருக்கும்ல."

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இரக்கப்பட அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எனக்கு மண்டைக்குள் சூடு ஏறியது.

மூன்றாவதாக நம் பேராசிரியர். முகாமை வானிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் போட்டார். தாக்குதலுக்கு முன், தாக்குதலுக்குப் பின்.

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "டீச்சர், அதான்! அந்த நீளக் கூரை. தொட்டிக்கு இங்கிட்டு. ஓட்டை தெரியுது பாருங்க. அதுதான் மெஸ்ஸு!" என்று விரலைத் திரையில் வைத்துக் காட்டினார்.

பேராசிரியரும் அதே இடத்தில்தான் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார். "பயன்பாட்டுக் கட்டடம் ஒன்றுக்குச் சிறு சேதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அவருக்குப் பிறகு கேள்விகள். ஒருவர் மற்றவரின் வரையறையில் குறை கண்டார். மற்றவர் இவருடைய வரையறையில் கண்டார். மணி ஐந்தரையைத் தாண்டியது. கருத்தரங்கை நடத்திய அம்மையார் சிரித்தபடி, நேரம் போதவில்லை என்றும், நாங்கள் பேசவேண்டிய 'களத்துக் குரல்கள்' பகுதியை எழுத்தாக எல்லோருக்கும் அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். நன்றி சொல்லத் தொடங்கினார்.

"நம்ம எப்ப பேசணும்?" என்று மாஸ்டர் கேட்டார்.

நான் மைக்கைத் திறந்தேன். பதினேழு வருடம் வகுப்பறையில் போட்ட குரல் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது.

"ஒரு நிமிடம்" என்றேன் ஆங்கிலத்தில். "நீங்கள் இப்போது காட்டிய படத்தில் ஒரு கூரையில் ஓட்டை இருக்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே நின்றவர் என் வலது பக்கத்தில் இருக்கிறார். அங்கே செத்தவருடைய மனைவி என் இடது பக்கத்தில் இருக்கிறார். நேரமில்லாதவர்கள் போகலாம். நாங்கள் பேசப் போகிறோம்."

சிலர் போனார்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் திரையிலிருந்து மறைவதைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தார்கள்.

மாஸ்டர் பேசினார். சங்கு, கேஸ், வாசல், 'நீ போ, வாரேன்' எல்லாம் சொன்னார். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். கேஸை அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற விதியை நான் சொன்னபோது கருத்தரங்கை நடத்திய அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மாஸ்டர் சொன்னார்: "அவுக அணைச்சதுனாலதான் டீச்சர் மெஸ்ஸு தீப்பத்தல. அந்த அடுப்பு எரிஞ்சிருந்தா வாசல் பங்கர்ல இருந்த பட்டாளத்துக்காரவுகளும் வெந்திருப்பாக. அதையும் சொல்லுங்க." சொன்னேன். உயிர்ச்சேதம் ஏதுமில்லாமல் காப்பாற்றியது கான்கிரீட் மட்டும் இல்லை.

அந்த அம்மா சான்றிதழைக் கேமராவுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். "இது பொய்யி" என்றார். "அவுகளுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. நல்லாருந்தாக." அதோடு நிறுத்திக்கொண்டார்.

பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மனதை உலுக்கிவிட்டது என்றார். பிறகு கேட்டார்: "ஒப்பந்த நிறுவனம் கொடுத்த ஆவணம் ஏதாவது இருக்கிறதா?"

மொழிபெயர்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அவுக குடுத்ததுதான இது? பொய்யச் சொன்னவன்கிட்டப் போயி நெசத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றாரா?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எதையும் மெருகேற்றவில்லை, குறைக்கவில்லை. என் மொழிபெயர்ப்பு வாழ்க்கையிலேயே நான் நன்றாகச் செய்த மொழிபெயர்ப்பு அதுதான்.

இரண்டு வாரத்தில் பேராசிரியரிடமிருந்து திருத்திய பக்கம் வந்தது. வாக்கியத்தை மாற்றியிருந்தார். "இத்தாக்குதலில் படைவீரர் எவரும் உயிரிழக்கவில்லை." அவ்வளவுதான். முன்பு இருந்தது பொய். இப்போது இருப்பது உண்மை. இந்த உண்மை அந்தப் பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. முன்பாவது தெரியாமல் எழுதினார். இப்போது தெரிந்துகொண்டு, கவனமாக, ஒரு மனிதனைச் சுற்றிக்கொண்டு போய் எழுதியிருக்கிறார். கட்டுரையின் முடிவில் எனக்கு நன்றி வேறு. அதை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்.

மொழிபெயர்ப்பவள் மூலத்தைத் திருத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பிறருக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அடிக்குறிப்பு போடலாம். அந்த வாக்கியத்துக்குக் கீழே அரைப்பக்கத்துக்கு ஒன்று எழுதினேன். பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஆசிரியரோடு சண்டை போடுவது வழக்கமில்லையே என்றார்கள். அப்படியானால் என் பெயரையும் என் மொழிபெயர்ப்பையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். நான் சும்மா மிரட்டவில்லை. எட்டு மாத உழைப்பு போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் இழுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

அச்சுக்குப் போகுமுன் அடிக்குறிப்பை அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஒன்று, 'சமையல் தொழிலாளி' என்று எழுதியிருந்தேன்.

"அவுக மாஸ்டர். இங்க இருக்கும்போதே மாஸ்டர்தான்."

மாற்றினேன். இன்னொன்று, பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்திருந்தேன். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"பேரு ஏன் இல்ல?" என்றார்.

"உங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னுதான்."

"இனிமே என்ன தொந்தரவு வரணும்? அவனுக காயிதத்துல பொய்யச் சொன்னாலும் பேரைச் சரியா எழுதியிருக்கானுக. நீங்க நெசத்த எழுதிட்டுப் பேரை விட்டுருக்கீக."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நானும் செத்தவரைத் துடைத்தெடுக்கத்தான் பார்த்திருக்கிறேன், நல்ல எண்ணத்தோடு. பெயரையும் ஊரையும் சேர்த்தேன். அந்தப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. இங்கே நான் யார் பெயரையும் எழுதாததற்குக் காரணம், இது அவருடைய கதை இல்லை, என்னுடைய வெட்கமும் கோபமும்தான்.

புத்தகம் வந்ததும் மூவரும் விருதுநகருக்குப் போய்த் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். சான்றிதழைத் திருத்த அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்கும்படி மனு. மாஸ்டர் வக்கீலிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் எழுதி இணைத்திருந்தார். அதிகாரி பொறுமையாகவே கேட்டார். மேலே அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார்கள் என்று ஒரு கடிதமும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சான்றிதழ் இன்றைக்கும் மாரடைப்பு என்றுதான் சொல்கிறது. பேராசிரியரிடமிருந்து போன மாதம் ஓர் அழைப்பு வந்தது. தொலைநிலைப் போரும் அறமும் என்று அடுத்த கருத்தரங்காம். நான் பதில் எழுதவில்லை.

திருச்சுழி மாஸ்டர் இறந்து மூன்றாவது வருடம் வந்தது. அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

"நினைவஞ்சலி போஸ்டர் அடிக்கப் போறேன், டீச்சர். என்ன எழுதணும்னு நானே சொல்லிட்டேன். எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கொழுந்தனார் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் ஏதாவது வம்புக்கு வருவான் என்று பயம். அந்த அம்மா கேட்கவில்லை. கைபேசியில் வந்த படத்தைப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. படம், பெயர், ஊர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'அந்நிய நாட்டுப் போர்த் தாக்குதலில், அடுப்பை அணைத்துப் பலர் உயிரைக் காத்து, தன் உயிரை நீத்த சமையல் மாஸ்டர்.'

நினைவு நாளன்று காலை நான் திருச்சுழிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில், ஒரு கல்யாணப் போஸ்டருக்கும் டியூஷன் விளம்பரத்துக்கும் நடுவில் பசை காயாமல் அது இருந்தது. அந்த அம்மாவும் மகளும் அதற்கு எதிரே நின்றிருந்தார்கள். அந்தப் பெண் அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் அண்ணாந்து வாசித்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவரு மிலிட்டரியா?"

"இல்லண்ணே" என்றார் அந்த அம்மா. "சமையல் மாஸ்டர்."

பெரியவர் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.